சாரல் காற்றும் சிறப்பு மோட்டார்களும்

நுழையும்முன்

மின்சாரத்தைச் சுழற்சியாக மாற்றும் கருவி மோட்டார். இயங்கும் தத்துவம் ஒன்றே எனினும், செய்யும் வேலைக்கேற்ப அதன் உடலமைப்பும் குணமும் மாறுகின்றன. குறிப்பிட்ட ஒரு பணிக்கென்றே வடிவமைக்கப்பெறுபவை சிறப்புப் பயன் மோட்டார்கள். தென்காசி வட்டாரத்தின் காற்றாலையிலும் தறிக்கூடத்திலும் ஆழ்துளைக் கிணற்றிலும் வீட்டு அடுக்களையிலும் அவை எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

காற்றின் வழி

ஆனி மாதம் பிறந்ததும் குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கும். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, தன் மழையின் பெரும்பகுதியை மலைக்கு அப்பால் கேரளத்தில் பெய்துவிட்டு, எஞ்சிய ஈரத்தைத் தூறலாகக் குற்றாலத்தின்மீது தூவும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் மக்கள் கூட்டம் நிரம்பும். ஆனால், காற்றின் பயணம் அங்கே முடிவதில்லை. செங்கோட்டைக் கணவாய் என்னும் மலையிடைவெளியில் நெருக்குண்டு, விரைவு கூடி, தென்காசியைக் கடந்து பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் வட்டாரங்களின் சமவெளிமீது அது பாய்கிறது. அங்கே வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன.

தமிழ்நாட்டில் காற்றாலைகள் செறிந்த பகுதிகள் பெரும்பாலும் இத்தகைய கணவாய்களின் கிழக்கு வாயிலை ஒட்டியே அமைந்துள்ளன. பாலக்காடு, கம்பம், ஆரல்வாய்மொழி ஆகியன ஏனைய கணவாய்கள். 1986ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலை முயற்சி இன்று வளர்ந்து, மாநிலத்தின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது.

சாரல் பருவத்தில் சுந்தரபாண்டியபுரத்து வயல்களில் சூரியகாந்தி பூத்திருக்கும். அம்மலர் நாள் முழுவதும் கதிரவனைப் பார்த்துத் திரும்பும் எனப் பலரும் நம்புகின்றனர். உண்மையில் இளம் மொட்டுகளே அவ்வாறு திரும்புகின்றன. முற்றிய மலர் கிழக்கு நோக்கி அசையாமல் நின்றுவிடுகிறது. வயலை அடுத்து நிற்கும் காற்றாலைக்கு அந்த ஓய்வு இல்லை. காற்று எத்திசையிலிருந்து வந்தாலும் அத்திசைக்கு அது முகம் திருப்பியாக வேண்டும்.

யார் திருப்புவது? கோபுரத்தின் உச்சியில் ஒரு சிறு வீட்டின் அளவுள்ள அறை இருக்கிறது. மின்னாக்கியும் பற்சக்கரத் தொகுதியும் அதனுள் உள்ளன. முன்புறத்தில் மூன்று இறகுகள் பொருத்தப்பட்டுள்ளன. இவையனைத்தும் சேர்ந்து பல பத்து டன் எடை கொண்டவை. இவ்வளவு எடையையும் கோபுரத்தின் தலைமேல் வைத்துக்கொண்டு அசைத்துத் திருப்புபவை சில சிறு மின்மோட்டார்கள். ஒரு காற்றாலையின் பெருமையை அதன் மின்னாக்கியைக் கொண்டே மக்கள் பேசுகின்றனர். அதன் உயிரைக் காப்பவையோ கண்ணுக்குத் தெரியாத இச்சிறு மோட்டார்கள். அவற்றின் பணியை விளங்கிக்கொள்ள மோட்டாரின் அடிப்படையை முதலில் அறிதல் வேண்டும்.

அடிப்படை ஒன்றே

மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தப்புலத்தில் வைத்தால் கம்பியின்மீது ஒரு விசை செயல்படும். 1821இல் மைக்கேல் பாரடே, பாதரசக் கிண்ணத்தில் தொங்கவிட்ட கம்பி ஒன்று காந்தத்தைச் சுற்றிச் சுழல்வதைச் செய்துகாட்டினார். உலகில் இன்று சுழலும் மோட்டார்களுக்கெல்லாம் அதுவே மூதாதை. மோட்டாரில் அசையாத பகுதி நிலையி எனவும், சுழலும் பகுதி சுழலி எனவும் பெயர்பெறும். இரண்டிலும் உருவாகும் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று ஈர்த்தும் விலக்கியும் சுழற்சியை உண்டாக்குகின்றன.

சுழலி ஒரு நிலையில் ஈர்ப்புக்கு அடங்கி நின்றுவிடாமல் தொடர்ந்து சுழல வேண்டுமானால், காந்தப்புலம் இடையறாது திசைமாற வேண்டும். அதை எப்படி மாற்றுவது என்பதில்தான் மோட்டார்கள் கிளை பிரிகின்றன. நேர்த்திசை மின்னோட்ட மோட்டாரில் கார்பன் தூரிகைகளும் திசைமாற்றி வளையமும் இப்பணியைச் செய்கின்றன. நிக்கோலா டெஸ்லா 1888இல் காப்புரிமை பெற்ற தூண்டல் மோட்டாரில் தூரிகையே இல்லை. நிலையியில் பாயும் மாறுதிசை மின்னோட்டம் தானாகவே சுழலும் ஒரு காந்தப்புலத்தை உருவாக்கும். அப்புலம் சுழலியில் மின்னோட்டத்தைத் தூண்டித் தன்னோடு இழுத்துச் செல்லும். உராயும் உறுப்பு இன்மையால் அது நெடுநாள் உழைக்கும், விலையும் குறைவு. எனவே, ஆலைகளிலும் பாசனத்திலும் பெரும்பாலும் தூண்டல் மோட்டாரே ஆட்சி செய்கிறது.

அதற்கும் ஒரு வரம்பு உண்டு. நம் நாட்டின் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. ஆகவே, மின்கம்பத்திலிருந்து நேரே இணைக்கப்படும் எந்தத் தூண்டல் மோட்டாரும் நிமிடத்திற்கு 3,000 சுற்றுகளைத் தாண்ட இயலாது. அவ்வேகத்தை வேண்டியபடி கூட்டவும் குறைக்கவும் எளிய வழியும் இல்லை. இவ்வரம்பைத் தாண்டும் தேவை எழும் இடங்களிலும், மோட்டார் வழக்கத்திற்கு மாறான சூழலில் உழைக்க வேண்டிய இடங்களிலும் சிறப்புப் பயன் மோட்டார் பிறக்கிறது.

தெரியுமா?

இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட முதல் மின்மோட்டார் 1937ஆம் ஆண்டில் கோயம்புத்தூர், பீளமேட்டில் உருவானது. அதனை உருவாக்கியவர்களுள் ஒருவர், சூலூரை அடுத்த கலங்கலில் பிறந்து, பள்ளிக் கல்வியைப் பாதியில் விட்ட ஜி.டி. நாயுடு. பின்னாளில் மோட்டார்களுக்கும் இறைப்பான்களுக்கும் பெயர்பெற்ற நகரமாகக் கோவை வளர்ந்தமைக்கு அதுவும் ஒரு தொடக்கம்.

உச்சியில் உழைப்பவை

காற்றாலையின் உச்சி அறைக்கும் கோபுரத்திற்கும் இடையே ஒரு பெரிய பல்வளையம் இருக்கிறது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மோட்டார்கள் பற்சக்கரங்களின் வழியாக இவ்வளையத்தைப் பற்றியுள்ளன. இவற்றை 'யா' மோட்டார்கள் எனப் பொறியாளர் குறிப்பிடுவர். ஒவ்வொன்றும் சில கிலோவாட் திறன் கொண்ட தூண்டல் மோட்டாரே. வயலில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைவிடப் பெரிதன்று. மோட்டார் ஏறத்தாழ ஆயிரம் சுற்றுச் சுழன்றால் கடைசிப் பற்சக்கரம் ஒரு சுற்றுச் சுழலும் அளவுக்கு வேகத்தைக் குறைத்து, அக்குறைவுக்கு ஈடாகத் திருப்பு விசையைப் பெருக்கிக்கொள்கின்றனர். வேகத்தைக் கொடுத்து விசையை வாங்கும் இவ்வணிகம் இயந்திரவியலில் மிகப் பழையது.

அறை நொடிக்கு அரைப்பாகைக்கும் குறைவாகவே நகரும். தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது நகர்வதே தெரியாது. விரைவாகத் திரும்பினால் சுழலும் இறகுகள் பம்பரத்தைப் போலத் தம் அச்சைத் திருப்பவிடாமல் எதிர்க்கும். அவ்வெதிர்ப்பு இறகின் அடிப்பகுதியை வருத்தும்.

காற்றின் திசையிலிருந்து 20 பாகை விலகி நின்றால், கணக்கின்படி, கிடைக்கக்கூடிய ஆற்றலில் ஆறில் ஒரு பங்கு இழப்பாகும். எனவே, உச்சியில் உள்ள திசைகாட்டி விலகலைக் கண்டறிந்தவுடன் கணினி இம்மோட்டார்களை இயக்குகிறது. திருப்பி முடிந்ததும் பிடிப்பான்கள் இறுகிக்கொள்கின்றன. இப்பிடிப்பான் சாதாரணமானதன்று. மின்சாரம் பாயும்போது அது விடுபடும். மின்சாரம் நின்றால் சுருள்வில்லின் விசையால் தானே இறுகும். மின்வெட்டு ஏற்பட்டால் அறை காற்றில் அலையக்கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மின்னாக்கியிலிருந்து கீழிறங்கும் கம்பிவடங்கள் கோபுரத்தின் நடுவே தொங்குகின்றன. காற்று ஒரே போக்கில் சுற்றிச் சுற்றித் திசைமாறினால், அறையும் உடன் சுற்றி, வடங்கள் கயிறுபோல் முறுக்கிக்கொள்ளும். சில சுற்றுகளுக்குப் பின் காற்றாலை தன் வேலையை நிறுத்திவிட்டு, எதிர்ப்புறமாகச் சுற்றி முறுக்கை அவிழ்த்துக்கொள்கிறது. வீசும் காற்றில் ஒரு காற்றாலை மட்டும் இறகை நிறுத்திவிட்டு மெல்லத் திரும்புவதைக் காண நேர்ந்தால், அது பழுதென்று எண்ண வேண்டியதில்லை.

புயல் வேகத்தில்

இவற்றைவிடப் பொறுப்பு மிகுந்தவை இறகின் அடியில் உள்ள மோட்டார்கள். காற்றின் வேகம் நொடிக்கு 3 மீட்டர் அளவில் காற்றாலை சுழலத் தொடங்கும். 25 மீட்டரை எட்டினால் நிறுத்தப்பட வேண்டும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதில் உள்ள ஆற்றல் எட்டு மடங்காகிறது என்பதே இதற்குக் காரணம். நிறுத்தாவிடில் இறகுகள் கட்டுமீறிச் சுழன்று கோபுரத்தையே முறித்துவிடும். வெறும் பிடிப்பானைக் கொண்டு அச்சை அழுத்தி நிறுத்துவதும் இயலாது. அவ்வளவு ஆற்றலும் வெப்பமாகித் தீப்பற்றும்.

ஆகவே, நவீனக் காற்றாலையில் ஒவ்வோர் இறகும் தன் அச்சில் 90 பாகை வரை திரும்பக்கூடியதாக உள்ளது. வாள்போல விளிம்பைக் காற்றுக்குக் காட்டினால் இறகின்மேல் சுழற்றும் விசை இல்லாமற்போகும். சுழற்சி தானே அடங்கும். இறகுகளைத் திருப்புபவை 'பிட்ச்' மோட்டார்கள். சில காற்றாலைகளில் இவ்வேலையை எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் உந்துதண்டு செய்வதுண்டு. மோட்டாரைக் கொண்டவற்றில் இறகுக்கு ஒன்றாக மூன்று மோட்டார்கள் இருக்கும். மூன்றில் ஒன்று பழுதானாலும் ஏனைய இரு இறகுகள் காற்றாலையை அடக்கிவிடும்.

வழக்கமான நேரத்தில் இம்மோட்டார் செர்வோ முறையில் இயங்குகிறது. கோண உணரி ஒன்று இறகு நிற்கும் நிலையை நொடிதோறும் பலமுறை அளந்து கட்டுப்பாட்டுக் கருவிக்குச் சொல்லும். வேண்டிய கோணத்திற்கும் உள்ள கோணத்திற்கும் இடைப்பட்ட வேறுபாடு தீரும்வரை மோட்டாருக்கு ஆணை சென்றுகொண்டேயிருக்கும். தன் செயலின் விளைவைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் இவ்வமைப்பே செர்வோ எனப்படுகிறது. ஆலைகளில் பற்றவைக்கும் எந்திரக்கைகளும் இவ்வாறே இயங்குகின்றன.

சோதனை வருவது மின்வழங்கல் அறுந்த நேரத்தில். சூறைக்காற்றுக்கு மின்கம்பிகள் அறுவது இயல்பு. காற்றாலையை உடனே நிறுத்தியாக வேண்டிய அதே கணத்தில் அதை நிறுத்துவதற்கான மின்சாரம் வராது. இதனால், சுழலும் மையத்தின் உள்ளேயே மின்கலங்களோ பெருங்கொள்ளளவு மின்தேக்கிகளோ வைக்கப்பட்டுள்ளன. பல காற்றாலைகளில் தூரிகையுடைய நேர்த்திசை மோட்டாரை இவ்விடத்திற்குத் தேர்ந்தனர். பழைமையானது, தூரிகை தேய்வது, பராமரிப்பு மிகுவது எனப் பிற துறைகள் ஒதுக்கிய மோட்டார் அது. எனினும், மின்னணுக் கருவிகள் செயலிழந்தாலும் மின்கலத்தோடு நேரே இணைத்தால் உடனே சுழலும் எளிமை அதற்கு உண்டு. ஒரு மோட்டாரின் குறைகளைவிட அது தவறாமல் செய்யும் ஒரு செயல் பெரிதாகும் இடம் இது.

அடுக்களையில் இரண்டு

வீட்டிற்குள் வந்தால், ஒரே அடுக்களையில் எதிரெதிர்க் குணமுடைய இரு மோட்டார்களைக் காணலாம். மிக்சியில் சட்னி அரைபடுவதற்கு அலகு நிமிடத்திற்கு ஏறத்தாழ 18,000 சுற்றுகள் வரை சுழல வேண்டும். தூண்டல் மோட்டாரின் 3,000 சுற்று வரம்பு இங்கே உதவாது. எனவே, மிக்சியில் இருப்பது பொதுநிலை மோட்டார். 'யுனிவர்சல் மோட்டார்' என்பது அதன் வழக்குப் பெயர். இதில் நிலையியின் கம்பிச்சுருளும் சுழலியின் கம்பிச்சுருளும் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. மாறுதிசை மின்னோட்டம் திசைமாறும்போது இரண்டின் காந்தப்புலங்களும் ஒருங்கே மாறுவதால், சுழலும் திசை மாறுவதில்லை. அதனால் இம்மோட்டார் இருவகை மின்சாரத்திலும் இயங்கும். மின்துளைப்பானிலும் தூசியுறிஞ்சியிலும் இருப்பது இதுவே.

சிறிய உருவில் பெரிய வேகம் பெறுவதற்கு இது தரும் விலை, இரைச்சலும் தூரிகைத் தேய்மானமும் வெப்பமும். மிக்சியை இடைவிடாது ஓட்டாமல் அவ்வப்போது நிறுத்தி ஆறவிட வேண்டும் என்பது இதனால்தான். சுமை மிகுந்து நின்றுவிட்டால் அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. மோட்டாரின் கம்பிச்சுருள் கருகாமல் காத்த காவலனை மீண்டும் பணியில் அமர்த்தும் செயல் அது.

கிரைண்டர் இதற்கு நேர்மாறு. 1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கிய அக்கருவி, இட்லி மாவை அரைமணிக்கும் மேலாகப் பொறுமையாக அரைக்க வேண்டும். வேகம் கூடினால் மாவு சூடேறிப் பதம் கெடும். எனவே, அதில் ஒருகட்டத் தூண்டல் மோட்டார் பொருத்தப்படுகிறது. வீட்டிற்கு வரும் ஒருகட்ட மின்சாரம் தனித்து நின்று சுழலும் காந்தப்புலத்தை உருவாக்காது. அது துடிக்குமேயன்றிச் சுழலாது. மின்தேக்கியோடு இணைந்த இரண்டாவது சுருளே முதல் தள்ளலைத் தருகிறது. சுவிட்சைப் போட்டதும் கிரைண்டர் 'உம்' என்று முனகியபடி நின்றால், பழுது பெரும்பாலும் மின்தேக்கியில் இருக்கும்.

தறியும் கிணறும்

சங்கரன்கோவிலில் விசைத்தறிகளின் ஓசை தெருவுக்குத் தெரு கேட்கும். தறியை ஓட்டும் மோட்டார் பார்வைக்கு எளிய தூண்டல் மோட்டார்போலவே இருப்பினும், அதன் உள்ளமைப்பு வேறு. தறியில் நாடா இப்புறமிருந்து அப்புறம் வீசி எறியப்படுகிறது. எறியும் விசை தறியின் வேகத்தைப் பொறுத்தது. பிற எந்திரங்களைப்போல மெல்லத் தொடங்கி வேகம் பிடிக்கத் தறிக்கு நேரம் இல்லை. முதல் வீச்சே முழு வேகத்தில் அமைய வேண்டும். தளர்ந்தால் நாடா பாவுக்கு நடுவே சிக்கி நூல்களை அறுத்துவிடும். அறுந்த பாவை முடிந்து எடுப்பதற்குள் நெசவாளியின் கூலியில் ஒரு பகுதி போய்விடும்.

ஆகவே, தொடக்கத் திருப்பு விசை மிகும்படி, சுழலியின் மின்தடையை உயர்த்தித் தறி மோட்டாரை வடிவமைக்கின்றனர். நாளொன்றுக்கு எத்தனையோ முறை நிறுத்தித் தொடங்கினாலும் அது தாங்கும். வெளிப்புறத்தையும் கவனித்தனர். சாதாரண மோட்டாரின் உடலில் வெப்பம் வெளியேற வரிவரியாகச் சிறகுகள் இருக்கும். தறிக்கூடத்தில் பறக்கும் பஞ்சுத்தூசு அவ்வரிகளில் படிந்து கம்பளி போர்த்தியதுபோல் மோட்டாரை வேகவைத்துவிடும், தீயும் பற்றலாம். எனவே, நெசவுக்கான மோட்டார்களின் உடல் வழவழப்பாக, முற்றும் மூடியதாகச் செய்யப்படுகிறது.

மாவட்டத்தின் மேற்கே அருவி. கிழக்கே போகப் போக மானாவாரி நிலம். அங்கே பயிர் ஆழ்துளைக் கிணற்றை நம்பியது. அக்கிணற்றின் நீர்மூழ்கி மோட்டாரைப் போல விந்தையான இடத்தில் உழைக்கும் மோட்டார் வேறில்லை. கிணற்றின் விட்டம் ஒரு சாண் அளவே இருப்பதால் மோட்டார் பருக்க வழியில்லை. திறன் வேண்டுமெனில் நீளத்தில்தான் வளர வேண்டும். ஆதலால் அது மூங்கில் குழாயைப் போன்ற நெடிய வடிவம் பெற்றது. மின்சாரமும் நீரும் சேரக்கூடாது என்பது பொதுவிதி. இங்கோ மோட்டாரின் உள்ளேயே நீர் நிரப்பித்தான் கிணற்றில் இறக்குகின்றனர். கம்பிச்சுருளின் ஒவ்வோர் இழையும் நீர் புகாத நெகிழி உறை பூண்டது. உள்ளே நிறைந்த நீர் தாங்கிகளுக்கு மசகாகிறது. வெளியே உடலை உரசி மேலேறும் நீர் வெப்பத்தைக் கொண்டுசெல்கிறது.

இவ்வமைப்பின் வலிமையே அதன் பலவீனமும் ஆகும். கிணற்றில் நீர்மட்டம் இறங்கி மோட்டார் வறண்ட துளையில் ஓடினால், குளிர்விக்க எதுவுமின்றிச் சிறிது நேரத்தில் காயில் கருகிவிடும். மும்முனை மின்சாரத்தில் ஒருமுனை விடுபட்டாலும் அதே கதிதான். பிறகு பல நூறு அடிக் குழாயை ஒவ்வொன்றாகக் கழற்றி மோட்டாரை மேலே எடுத்து, பட்டறையில் காயில் கட்டி, மீண்டும் இறக்க வேண்டும். அந்நாள்களில் பயிர் காத்திருப்பதில்லை. வறண்ட ஓட்டத்தையும் முனை விடுபடுதலையும் உணர்ந்து மோட்டாரை நிறுத்தும் சிறு கருவியின் விலை, ஒருமுறை காயில் கட்டும் செலவோடு ஒப்பிடத் தக்கதன்று. ஆயினும் அதைப் பொருத்தாத மோட்டார்ப் பெட்டிகள் இன்றும் உள்ளன.

மலையேறும் வண்டியும் நடத்துநரின் கருவியும்

செங்கோட்டையிலிருந்து புனலூர் நோக்கி இருப்புப்பாதை மலையேறுகிறது. 1904இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்ட இவ்வழி, அகலப்பாதையாகி 2018இல் மீண்டும் முழுமையாகப் பயன்பாட்டிற்கு வந்தது. இன்று மின்மயமாகியும் உள்ளது. நின்ற நிலையிலிருந்து பெருஞ்சுமையை இழுக்க வேண்டிய இரயில் எஞ்சினுக்குத் தொடக்கத்தில் மிகுந்த திருப்பு விசை வேண்டும். நெடுங்காலம் இதற்குத் தொடர்சுற்று நேர்த்திசை மோட்டாரே பயன்பட்டது. 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே ஓடிய மின்வண்டிகளும் அதனால் இயங்கியவையே. மிக்சியின் மோட்டாருக்கு உறவுமுறையில் அது அண்ணன் எனலாம். இப்போது மின்னணுக் கருவிகளால் அலைவெண்ணையே மாற்ற முடிவதால், தூண்டல் மோட்டார் அவ்விடத்தைப் பிடித்துள்ளது. மலையிறங்கும்போது அதே மோட்டார் மின்னாக்கியாக மாறி வண்டியைத் தடுத்து, கிடைக்கும் மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பித் தருகிறது.

அளவில் மறுகோடியில் நிற்பது படிநிலை மோட்டார். பேருந்து நடத்துநரின் கையில் உள்ள பயணச்சீட்டுக் கருவி, தாளை ஒரு வரி அளவு மட்டும் நகர்த்தி நிறுத்த வேண்டும். ஒவ்வொரு மின்துடிப்புக்கும் குறித்த கோணம் திரும்பி நிற்கும் இம்மோட்டார் அதைச் செய்கிறது. சுவர்க்கடிகாரத்தின் நொடிமுள் 'டிக்' என நகர்வதும் இதன் செயலே. அக்கடிகாரத்தின் உள்ளே உள்ள சுழலி ஒவ்வொரு நொடியும் அரைச்சுற்றுத் திரும்புகிறது.

மணலில் இருக்கும் காந்தம்

அண்மைக்காலத்தில் பெருகிவருவது தூரிகையற்ற நேர்த்திசை மோட்டார். 'பிஎல்டிசி' என்ற சுருக்கப் பெயரால் மின்விசிறி விற்பனைக் கடைகளில் அறியப்படுகிறது. இதில் சுழலியின்மீது நிலைக்காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கும். சுழலி எந்நிலையில் உள்ளது என்பதை உணர்ந்து, மின்னணுச் சுற்று உரிய சுருளுக்கு உரிய கணத்தில் மின்னோட்டத்தைச் செலுத்தும். தூரிகை செய்த வேலையை இப்போது சிலிக்கான் சில்லு செய்கிறது. சுழலிக்குக் காந்தமூட்ட மின்சாரம் செலவாவதில்லை. பழைய கூரைவிசிறி ஏறத்தாழ 75 வாட் எடுத்துக்கொள்ளும் இடத்தில், இது 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. தமிழ்நாட்டின் ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் உற்பத்தியாகும் மின் ஸ்கூட்டர்களும் நிலைக்காந்த மோட்டார்களாலேயே ஓடுகின்றன. அவற்றுள் சிலவற்றில் மோட்டார் சக்கரத்தின் நடுவிலேயே அமர்ந்திருக்கிறது.

இவ்வளவு சிறிய உருவில் இவ்வளவு திறன் கிடைக்கக் காரணம், 1980களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கண்டறியப்பட்ட நியோடிமியம், இரும்பு, போரான் கலந்த காந்தம். நியோடிமியம் ஓர் அருமண் தனிமம். அது மோனசைட் என்னும் கனிமத்தில் உள்ளது. தென்காசிக்குத் தெற்கே, கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் உண்டு என்பதை 1909இல் செர்மானியரான ஷோம்பெர்க் கண்டறிந்தார். அங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குத் தடயம் தந்தது. இன்று அவ்வூரில் நடுவண் அரசின் அருமண் நிறுவனத்தின் மணல் பிரிப்பு ஆலை இயங்குகிறது.

ஆயினும், மணலில் கனிமம் இருப்பது வேறு. மோட்டாருக்கான காந்தமாக அது மாறுவது வேறு. கனிமத்தைப் பிரித்து, தனிமங்களைத் தூய்மையாக்கி, உலோகமாக்கி, காந்தமாக வார்க்கும் நெடிய தொழிலில் சீனாவே உலகில் முன்னிற்கிறது. 2025ஆம் ஆண்டு ஏப்பிரலில் அந்நாடு சில அருமண் தனிமங்கள், காந்தங்கள் ஆகியவற்றின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, இந்திய வாகன ஆலைகள் கவலைக்குள்ளாயின. மோனசைட்டில் கதிரியக்கத் தோரியமும் கலந்திருப்பதால், மணல் அகழ்வதைக் குறித்துக் கடலோர மக்களுக்குக் கவலையும் எதிர்ப்பும் உண்டு. அக்கவலை புறந்தள்ளத் தக்கதன்று. காந்தமே இல்லாமல் இயங்கும் தயக்க மோட்டார்மீது ஆய்வாளர்களின் கவனம் திரும்பியிருப்பதற்கு இவையும் காரணங்களாகும். பல் பல்லாக வெட்டிய வெறும் இரும்புச் சுழலி, காந்தப்புலத்தின் எளிய வழியைத் தேடி நேர்ப்படுவதே அதன் தத்துவம். செய்வதற்கு மலிவு, ஆனால், இரைச்சலும் அதிர்வும் மிகுதி. அவற்றைக் குறைப்பதே இன்றைய பொறியாளர் முன் உள்ள பணி.

மாசி, பங்குனியில்

காற்று ஓய்ந்த மாதங்களே காற்றாலைக்குப் பணிபார்க்கும் காலம். மாசி, பங்குனி வெயிலில் சுரண்டைப் பக்கத்துக் கோபுரங்களுக்குள் பராமரிப்புப் பணியாளர்கள் இடுப்பில் பாதுகாப்புப் பட்டையுடன் ஏறுகின்றனர். அவர்களுள் தொழிற்பயிற்சி முடித்த இளைஞர் பலர். உச்சியை அடைந்ததும் சுழற்சியைப் பூட்டிவிட்டு, இறகுகள் கூடும் மையத்திற்குள் குனிந்து நுழைகின்றனர். மின்கலங்களின் அழுத்தத்தை ஒவ்வொன்றாக அளக்கின்றனர். தூரிகைகளைக் கழற்றி, எஞ்சிய நீளத்தைப் பார்த்து, தேய்ந்தவற்றை மாற்றுகின்றனர். பின்னர், வெளியிலிருந்து வரும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மின்கலத்தைக் கொண்டு மட்டும் இறகை ஒருமுறை 90 பாகைக்குத் திருப்பிப் பார்க்கின்றனர். இறகு முழுதும் திரும்பி நின்றால் குறிப்பேட்டில் பதிந்துவிட்டு அடுத்த இறகுக்குச் செல்கின்றனர். வைகாசி முடிவதற்குள் வரிசையில் உள்ள எல்லாக் காற்றாலைகளையும் பார்த்து முடித்தாக வேண்டும்.